இயந்திரங்களின் கடப்பிதழில் கையெழுத்திடுபவர் யார்?

ஜொகூரைப் பற்றிய செய்திகளில் அண்மைக் காலமாக இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று தரவு மையம். மற்றொன்று ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம். 2025 ஜனவரி 7ஆம் தேதி அந்த மண்டலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், மின்சாரம் போதுமா, தண்ணீர் போதுமா என்று எல்லாரும் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். பாசீர் கூடாங்கில் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஓர் ஆலையில் இருக்கும் பம்புக்கு "திற" என்று ஒரு கட்டளை வருகிறது. அதை அனுப்பியது கட்டுப்பாட்டு அறைதான் என்று அந்தப் பம்புக்கு எப்படித் தெரியும்?

பல இடங்களில் தெரியாது என்பதுதான் பதில். தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகளில் புகழ்பெற்றது மோட்பஸ். 1979இல் உருவானது. ஒரே கட்டடத்துக்குள், ஒரே கம்பியில் இருக்கும் கருவிகளுக்காக எழுதப்பட்டதால், "நீ யார்?" என்று கேட்கும் வசதி அதில் வைக்கப்படவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் ஆள்தான் என்று அது எடுத்துக்கொண்டது. பிறகு அதே மொழி இணைய நெறிமுறையின் மீது ஏறியது. பாதுகாப்புச் சான்றிதழோடு கூடிய மோட்பஸ் 2018இல்தான் வெளிவந்தது. பழையதை மாற்றச் செலவாகும், ஆலையை நிறுத்த வேண்டும் என்பதால் உலகெங்கும் பழைய மோட்பஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்காமல் கீழ்ப்படியும் இயந்திரம் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்தது நல்ல உதாரணம். மரூச்சி என்ற வட்டாரத்தில் கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், அந்த வேலையை விட்டபின் வட்டார மன்றத்தில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. ஒரு மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் காரில் வைத்துக்கொண்டு, தானே ஒரு பம்பு நிலையம் என்பதுபோல் கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஒரு தங்குவிடுதி வளாகத்திலும் கொட்டியது. அவருக்கு 2 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. உடைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் ஜொகூர் மாணவர்களுக்கு 2019 மார்ச் நினைவிருக்கலாம். சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது கணினித் தாக்குதல் அல்ல. மனிதர்கள் கொட்டிய கழிவு. ஆனால், ஓர் இரசாயனம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் வகுப்பறை வரைக்கும் என்ன வரும் என்று நம் ஊருக்குத் தெரியும். பாசீர் கூடாங், பெங்கெராங், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம், 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கு நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்க இடம் தரும் ஜொகூர் ஆறு என எல்லாமே பம்பு, வால்வு, சென்சார் இல்லாமல் நடக்காது.

இயந்திரம் "நீ யார்?" என்று கேட்க வேண்டுமானால் அதற்குப் பதில் சொல்ல ஓர் அடையாள ஆவணம் வேண்டும். அதுதான் இலக்கவியல் சான்றிதழ். ஜொகூர் பாலத்தைக் கடக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குடிநுழைவு அதிகாரி உங்களை முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கடப்பிதழை வழங்கிய அரசாங்கத்தை அவர் நம்புகிறார். அதனால் உங்களையும் நம்புகிறார்.

கருவிக்குக் கடப்பிதழ் எடுப்பது இப்படித்தான். கருவி முதலில் ஒரு சோடிச் சாவிகளைத் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது. ஒன்று பொதுச் சாவி, யாரும் பார்க்கலாம். மற்றொன்று இரகசியச் சாவி, அது கருவியை விட்டு வெளியே வரக்கூடாது. பிறகு தன் பெயரையும் பொதுச் சாவியையும் ஒரு விண்ணப்பமாக எழுதி, சான்றிதழ் வழங்குநருக்கு அனுப்புகிறது. வழங்குநர் அந்தப் பெயரைச் சரிபார்த்து, எதற்குப் பயன்படுத்தலாம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதைச் சேர்த்து, தன்னுடைய இரகசியச் சாவியால் கையெழுத்திடுகிறார். வழங்குநர் கருவியின் இரகசியச் சாவியைப் பார்க்கவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக எல்லாக் கருவிகளின் சாவிகளையும் ஒரே மடிக்கணினியில் செய்து, பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பென்டிரைவ் தொலைந்த அன்று எல்லாக் கருவிகளின் அடையாளமும் தொலைந்தது.

இனி, நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். மலேசியா இந்தத் துறையில் பின்தங்கிய நாடு அல்ல. இலக்கவியல் கையொப்பச் சட்டத்தை 1997இலேயே இயற்றி, 1998 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற சான்றிதழ் வழங்குநர்களில் ஒன்று டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட். (அதே பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2011இல் அந்த அமெரிக்க நிறுவனம் இதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.) என்ட்ரஸ்ட், வெரைசன் ஆகிய இரு வெளிநாட்டு நிறுவனங்களின் கையெழுத்து டிஜிசெர்ட்டுக்கு இருந்ததால், அது வழங்கிய சான்றிதழை உலகின் எல்லா உலாவிகளும் ஏற்றன.

2011 நவம்பர் 3ஆம் தேதி மோசில்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிஜிசெர்ட் வழங்கிய சான்றிதழ்களில் 22 பலவீனமானவை. ஆகவே அந்த நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை முழுவதும் விலக்கிக்கொள்கிறோம் என்றது. நவம்பர் 10ஆம் தேதி மைக்ரோசாஃப்ட்டும் அதையே செய்தது. எண்ணிப் பாருங்கள். யாரும் அந்த நிறுவனத்துக்குள் புகவில்லை. 22 சான்றிதழ்களும் போலி அல்ல, முறைப்படி விண்ணப்பித்தவர்களுக்கு முறைப்படி வழங்கப்பட்டவை. குறை, அவை எழுதப்பட்ட விதத்தில் இருந்தது. மூன்று குறைகள்.

முதலாவது, சாவியின் நீளம். அவற்றின் சாவிகள் 512 பிட் மட்டுமே. ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண். அந்த இரு எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் இரகசியச் சாவி கைக்கு வந்துவிடும். முதலாம் படிவத்தில் 91ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்திருப்பீர்கள். 7, 13 என்று சற்று யோசித்தால் வந்துவிடும். 512 பிட் எண்ணுக்கு 155 இலக்கங்கள். அதைக்கூட 1999இலேயே ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டிவிட்டார்கள். அப்போது அதற்குப் பல மாதங்களும் நூற்றுக்கணக்கான கணினிகளும் தேவைப்பட்டன. 2015இல் வாடகைக் கணினிகளில் நான்கு மணி நேரத்தில், சுமார் 75 அமெரிக்க டாலரில் முடிந்தது. இன்று குறைந்தபட்சமாகக் கருதப்படும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதை இதுவரை யாரும் பிரித்துக் காட்டியதில்லை.

இரண்டாவது, எந்தப் பயனுக்கு என்ற குறிப்பு இல்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் இதுதான் மிகச் சுலபமாக மறந்துபோவது. ஓட்டுநர் உரிமத்தில் வகுப்பு அச்சிட்டிருக்கும். பி2 வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிளோடு சரி, லோரி ஓட்ட முடியாது. வகுப்பே அச்சிடாத உரிமம் ஒன்றை அதிகாரி எல்லா வாகனத்துக்கும் செல்லும் என்று எடுத்துக்கொண்டால் எப்படி? சான்றிதழ் உலகில் அப்படித்தான் நடக்கிறது. பயன் குறிக்கப்படாத சான்றிதழை எல்லாப் பயனுக்கும் உரியதாகவே மென்பொருள்கள் கொள்கின்றன. ஓர் இணையத்தளத்துக்காக வாங்கியதைக் கொண்டு ஒரு நிரலுக்கும் கையெழுத்திடலாம்.

மூன்றாவது, இரத்துத் தகவல் இல்லை. கடப்பிதழ் தொலைந்துபோனால் புகார் செய்கிறோம், முகப்பில் இருக்கும் கணினியில் அது தெரியும். இந்தச் சான்றிதழ்களில், "என்னை இரத்து செய்துவிட்டார்களா என்று இங்கே பார்" என்ற முகவரியே எழுதப்படவில்லை. ஒன்றைத் திரும்பப் பெற நினைத்தாலும் உலகுக்குச் சொல்ல வழியில்லை.

மூன்று குறையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று காத்திருக்கத் தேவைப்படவில்லை. நவம்பர் 14ஆம் தேதி ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் ஒரு தீய நிரலைப் பற்றி எழுதியது. பிடிஎஃப் கோப்பு வழியாகக் கணினிக்குள் இறங்கும் அந்த நிரலில் செல்லத்தக்க கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குச் சொந்தக்காரர், மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம். நமக்கு மார்டி என்றால் தெரியும். பொந்தியான் பக்கம் போனால் கிடைக்கும் ஜோசபின் அன்னாசியை உருவாக்கிய அதே மார்டிதான். அதன் இணையத்தளம் ஒன்றுக்காக வழங்கப்பட்ட சான்றிதழ், எங்கோ யாருடைய கணினியையோ உளவு பார்க்கும் நிரலுக்கு மலேசிய அரசாங்கத்தின் நற்பெயரைக் கடன் கொடுத்திருந்தது.

சாவி எப்படிப் போனது என்பதில் இரு கருத்துகள். அது நீண்ட காலத்துக்கு முன்பே திருடப்பட்டது என்று மலேசியத் தரப்பு எஃப்-செக்யூரிடம் கூறியது. நெதர்லாந்தின் ஃபாக்ஸ்-ஐடி ஆய்வாளர்களோ, இதேபோன்ற வேறு பல 512 பிட் சான்றிதழ்களும் தவறாகப் பயன்பட்டதைக் காட்டி, கணக்குப் போட்டே உடைத்திருக்கலாம் என்றார்கள். எதுவானாலும், பயன் குறிக்கப்பட்டிருந்தால் இணையத்தளச் சான்றிதழ் நிரலுக்குச் செல்லுபடியாகியிருக்காது. ஒரே ஒரு வரி.

இதற்கு முந்தைய ஆண்டுதான், ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அதன் கோப்புகளும் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் உண்மையான சாவிகளால் கையெழுத்திடப்பட்டிருந்தன. தொழிற்சாலையைத் தாக்குகிறவர்கள் கையெழுத்தின் மதிப்பை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கதையை இப்போது ஏன் சொல்கிறேன்? 2011இல் சான்றிதழ் வழங்கியது உரிமம் பெற்ற நிறுவனம். தவறியபோது கண்டுபிடிக்க மோசில்லா இருந்தது, மைக்ரோசாஃப்ட் இருந்தது. இன்று ஆலைகளில் சான்றிதழ் வழங்குவது பெரும்பாலும் ஆலையே. ஓபிசி யுஏ என்ற புதிய தொழிற்சாலை மொழியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் சான்றிதழ் உண்டு. அதற்காக யாரும் வெளி நிறுவனத்திடம் போவதில்லை. ஆலைக்குள் ஒரு சான்றிதழ் வழங்குநரை அமைத்துக்கொள்கிறார்கள், அல்லது கருவி தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொள்கிறது. கையெழுத்திடும் அதிகாரி, டிப்ளோமா முடித்துச் சேர்ந்த ஒரு தொழில்நுட்பர். அவருடைய பிழையை வெளியிலிருந்து பார்க்க எந்த உலாவியும் இல்லை.

அந்த நிலை எப்படி இருக்கிறது என்று ஜெர்மனியின் ஆஃகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களின் கூட்டாளிகளும் 2020இல் உலக இணையத்தைத் துழாவிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து எட்டக்கூடிய ஓபிசி யுஏ கருவிகளில் 92 விழுக்காட்டில் பாதுகாப்பு அமைப்பு குறைபாடானது. சிலவற்றில் பாதுகாப்பே அணைக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே சான்றிதழைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஊரே ஒரு கடப்பிதழை நகலெடுத்து வைத்திருப்பதுபோல. ஓபிசி யுஏ நல்ல மொழி. பூட்டு இருக்கிறது, பூட்டத்தான் ஆளில்லை.

நானும் அந்த 92 விழுக்காட்டில் இருந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த ஓர் ஆலையில், அதிகாலை மூன்று மணிக்குக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எண்கள் எல்லாம் சாம்பல் நிறமாயின. ஆலை ஓடுகிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை. கம்பி அறுந்ததா என்று ஒருவர் ஓடினார். சுவிட்சை மாற்றினோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிறுவியவர் போட்ட சான்றிதழ் அன்று நள்ளிரவோடு காலாவதி. புதிது செய்யத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை, என்னையும் சேர்த்து. பாதுகாப்பு முறையை "வேண்டாம்" என்று மாற்றினேன். உடனே எண்கள் திரும்பின. கைகுலுக்கினார்கள். "தற்காலிகமாக" என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தத் தற்காலிகம் எட்டு மாதம் நீடித்தது.

இணையத்தளங்களுக்கு இந்தக் காலக்கெடு இப்போது வேகமாகக் குறைகிறது. 2029 மார்ச் 15 முதல் ஓர் இணையத்தளச் சான்றிதழ் 47 நாளுக்கு மேல் செல்லாது. அங்கே புதுப்பிப்பதைக் கணினியே செய்துவிடும். ஆலையின் சொந்தச் சான்றிதழுக்கு அந்த விதி பொருந்தாது. ஒரு பி.எல்.சி. இருபது ஆண்டு ஓடும். பலர் இருபது ஆண்டுக்கே சான்றிதழ் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இருபது ஆண்டில் சாவியை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் வேலை மாறியிருப்பார்கள்? மரூச்சியில் நடந்தது அதுதானே. ஆனால் புதுப்பிக்க ஆளும் முறையும் இல்லாத இடத்தில் குறுகிய காலக்கெடு வைத்தால், என்னைப்போல் யாராவது பாதுகாப்பை அணைத்துவிடுவார்கள் என்பதும் உண்மை. எத்தனை ஆண்டு என்று முடிவெடுக்கும் முன், யார் புதுப்பிப்பார் என்று பெயர் எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், எரிசக்தி, நீர், போக்குவரத்து, வேளாண்மை உட்பட 11 துறைகளை நாட்டின் முக்கியக் கட்டமைப்பு என்கிறது. அத்தகைய அமைப்புகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கை வேண்டும். ஒரு சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். சாவி எத்தனை பிட், பயன் குறிக்கப்பட்டதா போன்றவற்றைச் சட்டமே பேசாது; அவை துறைவாரியான நடைமுறைக் கோவைகளுக்கு உரியவை. தணிக்கையாளரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் பட்டியல் இருந்தால் 2011இன் 22 சான்றிதழ்களும் அதில் தேறியிருக்கும். சான்றிதழ்கள் இருந்தனவே.

பாசீர் கூடாங்கில் இப்ராகிம் சுல்தான் போலிடெக்னிக் இருக்கிறது, ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம். அங்கே படிப்பவர்கள் பி.எல்.சி. நிரல் எழுதத் தேர்ச்சி பெற்று வருகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் சான்றிதழ் ஒன்றைத் திறந்து காட்டினால், இது கணினிப் பிரிவினர் வேலை என்பார்கள். கணினிப் பிரிவினரோ, அது ஆலைக்கார வேலை என்பார்கள். ஓபிசி யுஏவில் அறிமுகமில்லாத மென்பொருள் இணைய வந்தால் அதன் சான்றிதழ் "மறுக்கப்பட்டவை" பட்டியலில் விழும். அதை "நம்பப்பட்டவை" பட்டியலுக்கு நகர்த்துவது ஒரு சொடுக்கு. இரவு வேலையில் இருப்பவர்தான் அதைச் செய்வார். எந்தப் பிரிவு என்று அப்போது யாரும் கேட்கப்போவதில்லை.

வீட்டில் மடிக்கணினி இருந்தால் இதை ஒரு சனிக்கிழமை செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் இலவச மென்பொருள். முதலில் உங்களுக்கென ஒரு மூலச் சாவியை 3072 பிட்டில் உருவாக்குங்கள். நீங்களே வழங்குநர். உண்மையான ஆலையில் இந்தச் சாவி இருக்கும் கணினியை எந்த வலைப்பின்னலிலும் இணைக்காமல், பூட்டிய அலமாரியில் வைப்பார்கள். பிறகு "பம்பு-1" என்ற பெயரில் ஒரு விண்ணப்பம் செய்து கையெழுத்திடுங்கள். பெயர், பயன், காலக்கெடு, இரத்துப் பட்டியலின் முகவரி நான்கும் இருக்கட்டும். இன்னொன்றையும் செய்யுங்கள், அதில் பயன் என்ற வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். இரண்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மென்பொருள் இரண்டுக்கும் "சரி" என்றுதான் சொல்லும்.